பிறக்கும் முன்பே வந்த காவலர்கள்

(மேல்நிலை இரண்டாம் ஆண்டு உயிரியல் பிரிவு மாணவியர்)

முன்னுரை

இவ்வாண்டு நம் பள்ளியில் நடைபெற்ற அறிவியல் கண்காட்சியில் நாங்கள் "நமது தோல்" என்னும் தலைப்பில் களிமண் மாதிரி ஒன்றை அமைத்திருந்தோம். மேல்தோல், உள்தோல், வியர்வைச் சுரப்பி, மயிர்க்கால் ஆகிய யாவும் அதில் இருந்தன. அருகே ஓர் அட்டையில், "மேல்தோல் ஏறத்தாழ ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதத்தில் தன்னை முழுவதும் புதுப்பித்துக்கொள்கிறது" என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்தோம்.

பேத்தியுடன் வந்திருந்த பாட்டியம்மா ஒருவர் அந்த அட்டையைப் பேத்தியிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு தம் முன்கையை எங்கள் முன் நீட்டினார். அதில் ஒரு சிறு சிலுவையும் அதைச் சுற்றிப் புள்ளிகளும் பச்சை குத்தப்பட்டிருந்தன.

"பத்து வயசுல கோயில் திருவிழாவுல குத்தினது. இப்ப எனக்கு எழுபது ஆகப்போகுது. தோலு மாசாமாசம் புதுசாகுதுன்னா, இது மட்டும் ஏம்மா போகல?" என்று கேட்டார்.

நாங்கள் தயங்கவில்லை. "பாட்டி, மை மேல்தோலில் இல்லை; அதற்கு அடியிலுள்ள உள்தோலில் இருக்கிறது. அங்கே அதை விழுங்கி வைத்திருக்கும் செல்கள் சாவதே இல்லை. அதனால்தான் பச்சை அழியவில்லை" என்று விளக்கினோம்.

"சாகாத ஒண்ணு என் கையில இருக்குதா! நல்லது தாயி" என்று சிரித்தபடியே அவர் அடுத்த மேசைக்குச் சென்றார். பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்த எங்கள் உயிரியல் ஆசிரியையான சிஸ்டர், "முதல் பாதி சரி. சாகாத செல் என்று எந்தப் புத்தகத்தில் படித்தீர்கள்?" என்று கேட்டார். எங்களில் எவராலும் விடை கூற இயலவில்லை. ஊகித்ததை உண்மை போலச் சொல்லிவிட்டோம் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

அன்று தொடங்கிய தேடலே இக்கட்டுரை. பச்சை மையை விழுங்கி வைத்திருக்கும் அந்தச் செல்கள் யாவை? அவை எங்கிருந்து வருகின்றன? எவ்வாறு நிலைத்திருக்கின்றன? இம்மூன்று வினாக்களுக்கும் நாங்கள் அறிந்துகொண்ட விடைகளை ஆசிரியர்கள், பெற்றோர், அன்புத் தங்கையர் ஆகிய உங்கள் அனைவர் முன்னும் வைக்கிறோம்.

விழுங்கும் செல்கள்

1882ஆம் ஆண்டு. இத்தாலி நாட்டின் சிசிலித் தீவில் மெசினா என்னும் கடற்கரை நகரம். அங்குத் தங்கியிருந்த இலியா மெச்னிக்காஃப் என்ற ரஷ்ய அறிஞர், கண்ணாடி போன்று ஒளி ஊடுருவும் நட்சத்திர மீன் குஞ்சுகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவற்றின் உடலுக்குள் சில செல்கள் தாமாகவே ஊர்ந்து திரிவதைக் கண்டார். இச்செல்கள் உடலைக் காக்கும் வேலையைச் செய்யக்கூடுமோ என்று அவருக்குத் தோன்றியது.

உடனே தோட்டத்துக்குச் சென்று ரோஜா முட்கள் சிலவற்றை எடுத்து வந்து, அக்குஞ்சுகளின் தோலுக்கு அடியில் செருகினார். குழந்தைகளுக்காகக் கிறிஸ்துமஸ் மரமாக ஓர் ஆரஞ்சு மரக்கன்று சில நாள்களுக்கு முன் அலங்கரிக்கப்பட்டிருந்ததும் அதே தோட்டத்தில்தான். இரவெல்லாம் உறக்கமின்றிக் காத்திருந்து விடியற்காலையில் பார்த்தபோது, முள்ளைச் சுற்றி அந்த ஊரும் செல்கள் கூட்டமாய்ச் சூழ்ந்திருந்தன. விழுங்கு செல்கள் என்று நாம் பாடத்தில் படிக்கும் செல்களின் வரலாறு இவ்வாறு தொடங்கியது. இக்கண்டுபிடிப்புக்காக 1908ஆம் ஆண்டில் பால் எர்லிக் என்ற ஜெர்மானிய அறிஞருடன் மெச்னிக்காஃபுக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

விழுங்கு செல்களுள் பெரியவை மேக்ரோஃபேஜ்கள் எனப்படும். பெருவிழுங்கிகள் என்று தமிழில் கூறலாம். இவை கிருமிகளை விழுங்கும். இறந்துபோன செல்களையும் குப்பைகளையும் விழுங்கும். ஒரு வீட்டைக் காவல் காப்பவரே வாசலையும் பெருக்கித் துப்புரவு செய்வது போல, காவலும் துப்புரவும் ஆகிய இரு பணிகளையும் இவை செய்கின்றன.

ஊருக்கு ஒரு பெயர்

இரத்தத்தில் மிதந்து செல்லும் வெள்ளையணுக்கள் ரோந்து சுற்றும் காவலரைப் போன்றவை. ஆனால் பெருவிழுங்கிகளில் மிகப் பல, ஏதேனும் ஓர் உறுப்பிலேயே நிலையாகக் குடியிருப்பவை. ஒவ்வோர் உறுப்பிலும் அவற்றுக்குத் தனிப் பெயரும் தனி வேலையும் உண்டு.

கல்லீரலில் இருப்பவை கூப்ஃபர் செல்கள். 1876ஆம் ஆண்டில் கல்லீரலில் நட்சத்திர வடிவச் செல்களை விவரித்த கூப்ஃபர் என்ற அறிஞரின் பெயரால் இவை அழைக்கப்படுகின்றன. குடலிலிருந்து வரும் இரத்தம் முதலில் கல்லீரலுக்குத்தான் செல்கிறது. அதில் கலந்துவரும் கிருமிகளைக் கல்லீரலின் நுண்குழாய்களுக்குள்ளேயே இவை பிடித்துவிடுகின்றன.

மூளையில் இருப்பவை மைக்ரோக்ளியா. 1919ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ டெல் ரியோ ஓர்டேகா இவற்றைத் தனி வகையாக இனங்கண்டார். இவை தம் மெல்லிய கிளைகளை ஓயாமல் நீட்டியும் சுருக்கியும் சுற்றுப்புறத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன. வளரும் மூளையில் தேவையற்ற நரம்பு இணைப்புகளை நீக்கவும் உதவுகின்றன.

மேல்தோலில் இருப்பவை லாங்கர்ஹான்ஸ் செல்கள். 1868ஆம் ஆண்டில் இவற்றைக் கண்டறிந்த பால் லாங்கர்ஹான்ஸ் அப்போது பெர்லினில் மருத்துவ மாணவர்! கிளைகள் இருந்தமையால் இவற்றை அவர் நரம்புச் செல்கள் என்று கருதிவிட்டார். அவர் கண்டது சரி, கருதியது தவறு. கண்காட்சியில் நாங்கள் செய்த பிழைக்கு இது சிறிது ஆறுதலாக இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

நுரையீரலில் 30 கோடி முதல் 50 கோடி வரை காற்று நுண்ணறைகள் உள்ளன. நாள்தோறும் நாம் சுவாசிக்கும் ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்றோடு தூசியும் புகையும் கிருமிகளும் உள்ளே நுழைகின்றன. நுண்ணறைகளுக்குள் குடியிருக்கும் பெருவிழுங்கிகள் அவற்றை விழுங்கி அகற்றுகின்றன.

மண்ணீரலில் வாழ்பவை முதிர்ந்த சிவப்பணுக்களை விழுங்குகின்றன. சிவப்பணுவின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள்கள். வினாடிதோறும் 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்கள் நம் உடலில் முதிர்ந்து நீக்கப்படுகின்றன. அவற்றிலுள்ள இரும்புச் சத்தை மண்ணீரலிலும் கல்லீரலிலும் உள்ள இக்காவலர்கள் வீணாக்காமல் மீட்டுத் தருகின்றன. இவ்வாறு மீட்கப்படுவது நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லி கிராம். உணவிலிருந்து உடல் ஏற்றுக்கொள்வதோ 1 முதல் 2 மில்லி கிராம் மட்டுமே. இல்லத்தில் தாய்மார் சிக்கனமாய் மீத்து வைப்பது போல, உடலும் உள்ளதைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது.

நெடுங்காலம் நின்ற பாடம்

இக்காவலர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? 1968ஆம் ஆண்டில் ரால்ஃப் வான் ஃபர்த், ஜான்வில் கோன் ஆகிய இரு அறிஞர்கள் சுண்டெலிகளை ஆராய்ந்து இதற்கு ஒரு விடை தந்தனர். எலும்பு மஜ்ஜையில் பிறக்கும் மோனோசைட்டுகள் என்னும் வெள்ளையணுக்கள் இரத்தத்தில் சில நாள்கள் திரிந்து, பிறகு உறுப்புகளுக்குள் நுழைந்து பெருவிழுங்கிகளாக மாறுகின்றன என்பதே அவ்விடை. 1972ஆம் ஆண்டில் இதனை ஒரு முழு ஒழுங்குமுறையாக வகுத்து வெளியிட்டனர். அதன்பின் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் உலகெங்கும் மருத்துவ மாணவர்கள் படித்த பாடம் இதுவே.

இந்தப் பாடம் பொய்யன்று. காயத்திலும் வீக்கத்திலும் மோனோசைட்டுகள் திரண்டு வந்து பெருவிழுங்கிகளாக மாறுவதை இன்றும் காணலாம். ஆனால் அமைதிக் காலத்தில், நோயற்ற உடலில், எல்லா உறுப்புகளிலும் இவ்வாறே நடக்கிறதா என்பதுதான் கேள்வி. சில உண்மைகள் அந்தப் பாடத்தோடு ஒத்துப்போகவில்லை.

ஐயம் எழுந்த விதம்

2002ஆம் ஆண்டில் மிரியம் மெராட் என்னும் பெண் அறிவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஒரு சோதனை செய்தனர். சுண்டெலியின் எலும்பு மஜ்ஜையைக் கதிர்வீச்சினால் அழித்து, வேறொரு சுண்டெலியின் மஜ்ஜையைச் செலுத்தினர். இரத்தத்திலுள்ள மோனோசைட்டுகள் யாவும் புதிய மஜ்ஜையின் வழிவந்தவையாக மாறின. பழைய பாடத்தின்படி தோலிலுள்ள லாங்கர்ஹான்ஸ் செல்களும் சில வாரங்களில் மாறியிருக்க வேண்டும். ஆனால் 18 மாதங்கள் கழித்தும் அவை பழைய சுண்டெலிக்கு உரியவையாகவே இருந்தன. புற ஊதாக் கதிரால் தோலைக் கடுமையாகப் புண்படுத்திய பிறகே இரத்தத்திலிருந்து புதியவை அங்கு வந்து குடியேறின.

மனிதரிடத்திலும் இதற்குச் சான்று கிடைத்தது. பிரான்சு நாட்டின் லியோன் நகரில், இறந்த ஒருவரின் கைகள் மற்றொருவருக்குப் பொருத்தப்பட்டன. பல ஆண்டுகளுக்குப் பின்னும் அக்கைகளின் மேல்தோலிலிருந்த லாங்கர்ஹான்ஸ் செல்கள் கையைக் கொடுத்தவருடையவையாகவே இருந்தன. கைக்குள் ஓடும் இரத்தமோ கையைப் பெற்றவருடையது.

2007ஆம் ஆண்டில் மூளையைப் பற்றிய ஆய்வு வந்தது. இரு சுண்டெலிகளின் இரத்த ஓட்டத்தை ஒன்றாக இணைத்து வைத்தபோது, ஒன்றின் இரத்த அணுக்கள் மற்றதன் உடலெங்கும் கலந்தன. ஆனால் மூளையின் மைக்ரோக்ளியாவில் மட்டும் கலப்பு ஏற்படவில்லை. அவை வெளியாரை எதிர்பாராமல், இருந்த இடத்திலேயே பிரிந்து பெருகித் தம் எண்ணிக்கையைக் காத்துக்கொண்டன.

அவை முதன்முதலில் எப்போது அங்கு வந்தன? 2010ஆம் ஆண்டில் ஃபுளோரன் ஜினூ, மிரியம் மெராட் முதலானோர் இதற்கு விடை கண்டனர். கருவுற்ற ஏழாம், எட்டாம் நாள்களில் சுண்டெலிக் கருவில் தோன்றும் இரத்த முன்னோடிச் செல்களுக்கு, அவற்றின் சந்ததிகளிலும் அழியாத ஓர் அடையாளத்தை இட்டனர். குட்டி பிறந்து வளர்ந்தபின் பார்த்தபோது, அந்த அடையாளம் மைக்ரோக்ளியாவில் தெளிவாகக் காணப்பட்டது. இரத்தத்து மோனோசைட்டுகளில் அது காணப்படவில்லை எனலாம். அதாவது, எலும்பு மஜ்ஜை உருவாவதற்கு முன்பே அவை புறப்பட்டுவிட்டன!

மூன்று வருகைகள்

இன்று அறிவியலாளர்கள் இதனை மூன்று வருகைகளாக விளக்குகின்றனர்.

முதல் வருகை, கரு உணவுப்பையிலிருந்து. கோழி முட்டையில் மஞ்சள் கருவைச் சூழ்ந்துள்ள பையை நாம் அறிவோம். தாயின் வயிற்றில் வளரும் மனிதக் கருவுக்கும் அத்தகைய சிறு பை ஒன்று உண்டு. அதில் உணவுச் சேமிப்பு இல்லாவிடினும், முதல் இரத்தச் செல்கள் தோன்றுவது அங்கேதான். மனிதக் கருவில் இது மூன்றாம் வாரத்தில் தொடங்குகிறது. தான் கருவுற்றிருப்பதைத் தாய் உறுதியாக அறியும் முன்பே, குழந்தையின் முதல் காவலர்கள் தோன்றத் தொடங்கிவிடுகின்றனர். அவர்களில் ஒரு பகுதியினர் மூளைக்குச் சென்று மைக்ரோக்ளியாவாகின்றனர். மூளைக்கும் இரத்தத்துக்கும் இடையேயுள்ள தடுப்பு பின்னர் இறுகிவிடுவதால், பிறகு வருவோருக்கு அங்கு எளிதில் இடம் கிடைப்பதில்லை.

இரண்டாம் வருகை, கருவின் கல்லீரலிலிருந்து. பிறப்பதற்கு முன் பல மாதங்கள் இரத்தம் உண்டாக்கும் பணியைக் கல்லீரல்தான் செய்கிறது. அங்கு உருவாகும் முன்னோடிகள் தோல், நுரையீரல், கல்லீரல் முதலிய உறுப்புகளுக்குச் சென்று தங்குகின்றன.

மூன்றாம் வருகை, எலும்பு மஜ்ஜையிலிருந்து. இது பிறப்புக்கு முன்பே தொடங்கி வாழ்நாள் முழுவதும் நீடிப்பது. பழைய பாடம் சொன்னது இந்த மூன்றாம் வருகையை மட்டுமே.

எவ்வாறு நிலைத்திருக்கின்றன?

நரம்புச் செல்களைப் போலன்றி, முழு வளர்ச்சி அடைந்த பின்னும் பெருவிழுங்கிகள் இரண்டாகப் பிரிந்து பெருக வல்லவை. அண்டைச் செல்கள் சுரக்கும் சில வளர்ச்சிப் புரதங்களே அவற்றை உயிரோடு வைத்திருக்கின்றன. அப்புரதம் கிடைக்கும் அளவுக்குத்தான் அவற்றின் எண்ணிக்கையும் நிற்கும். ஒன்று இறந்தால் அதன் பங்கு மீதியாகும். பக்கத்திலுள்ளது பிரிந்து அந்த இடத்தை நிரப்பும். எனவே கூட்டமும் மிகுவதில்லை, காவலும் குறைவதில்லை.

மனிதரின் மைக்ரோக்ளியாவின் வயதை அளந்த முறை வியப்பானது. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் அணுகுண்டுச் சோதனைகள் நடத்தின. அதனால் காற்றில் கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கரிமம் மிகுந்தது. 1963ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் ஆண்டுதோறும் குறைந்துவந்தது. ஒரு செல் பிறக்கும்போது காற்றிலிருந்த அளவு, உணவின் வழியே அதன் மரபுப்பொருளில் பதிந்துவிடுகிறது. இந்த முத்திரையைக் கொண்டு சுவீடன் நாட்டு அறிஞர்கள் 2017ஆம் ஆண்டில் கணக்கிட்டதில், மைக்ரோக்ளியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ நூற்றுக்கு 28 புதுப்பிக்கப்படுகின்றன என்றும், அவற்றின் சராசரி வயது 4.2 ஆண்டுகள் என்றும் தெரியவந்தது. சில செல்கள் இருபது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்திருந்தன. அழிவுக்காகச் செய்த சோதனையின் எச்சத்திலிருந்தும் நல்லறிவைப் பெற முடிந்தது.

எல்லா உறுப்புகளும் மூளையைப் போன்றவை அல்ல. குடலின் உட்சுவரில் உணவும் எண்ணற்ற நுண்ணுயிர்களும் எந்நேரமும் இருக்கின்றன. அங்குள்ள காவலர்களில் பெரும்பாலோர் விரைவில் ஓய்ந்துவிட, இரத்தத்து மோனோசைட்டுகள் இடைவிடாது வந்து அவ்விடங்களை நிரப்புகின்றன. உள்தோலிலும் பெரும்பாலும் அவ்வாறே. ஆக, மூளைக்கும் மேல்தோலுக்கும் பொருந்தும் விதி குடலுக்கும் உள்தோலுக்கும் பொருந்தாது. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். பாட்டியம்மாவின் வினாவுக்கு விடை இதில்தான் இருக்கிறது.

இடமே ஆசிரியர்

பிறப்பிடம் வேறாயின் பணியும் வேறாகுமா? 2016ஆம் ஆண்டில் பெல்ஜியம் நாட்டில் நடந்த ஓர் ஆய்வில், சுண்டெலியின் கல்லீரலிலுள்ள கூப்ஃபர் செல்களை மட்டும் அழித்தனர். காலியான இடங்களுக்கு இரத்தத்து மோனோசைட்டுகள் விரைந்து வந்தன. சில வாரங்களில் அவை ஏறக்குறைய முழுமையான கூப்ஃபர் செல்களாகவே மாறிவிட்டன. அங்கேயே பிரிந்து பெருகும் இயல்பையும் பெற்றன. கல்லீரலின் அண்டைச் செல்கள்தாம் புதியவற்றுக்கு அவ்வேலையைப் பழக்கின.

நுரையீரலிலும் இதற்குச் சான்று உண்டு. சுண்டெலிக் குட்டி பிறந்து மூச்சுவிடத் தொடங்கிய முதல் வாரத்துக்குள், கருவிலேயே வந்து காத்திருந்த முன்னோடிகள் நுண்ணறைப் பெருவிழுங்கிகளாக முதிர்கின்றன. நுரையீரல் சுரக்கும் ஒரு வளர்ச்சிப் புரதமே அதற்குக் காரணம். மனிதரில் சிலருக்கு அப்புரதத்தைச் செயலற்றதாக்கும் எதிர்ப்பொருள்கள் உடலிலேயே உண்டாகிவிடுகின்றன. அப்போது நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் வழுவழுப்பான பூச்சுப் பொருள் அகற்றப்படாமல் தேங்கி, மூச்சுவிடுவதே துன்பமாகிவிடுகிறது. துப்புரவுப் பணி நின்றால் வீடு என்னவாகும் என்பதற்கு இந்நோயே சாட்சி.

எங்கள் விடுதித் தோழியர் இதைக் கேட்டுத் தம்மையே நினைத்துக்கொண்டனர். ஆறாம் வகுப்பில் வந்து சேர்ந்தவர்களும் உண்டு; பதினொன்றாம் வகுப்பில் புதிதாக வந்தவர்களும் உண்டு. புதியவர் எவ்வூரினராயினும், மூத்தவர்கள் அன்போடு பழக்கினால் ஒரு பருவத்துக்குள் விடுதியின் மணியோசையும் ஒழுங்கும் அவருக்கும் சொந்தமாகிவிடும் அல்லவா?

ஆயினும் எப்போதும் இவ்வாறு நன்மையாக முடிவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2020ஆம் ஆண்டில் கோவிட் நோயால் கடுமையாகத் தாக்குண்டவர்களின் நுரையீரல் திரவத்தை ஆராய்ந்தபோது, அங்கு நிலையாகக் குடியிருக்க வேண்டிய பெருவிழுங்கிகள் வெகுவாகக் குறைந்திருந்தன. இரத்தத்திலிருந்து அவசரமாகத் திரண்டு வந்தவை மிகுந்திருந்தன. பழக்கப்படாத அக்கூட்டம் வீக்கத்தைத் தணிப்பதற்குப் பதிலாக மேலும் வளர்ப்பதுண்டு.

நோய்க்குப் பின் தங்கிவிடுவோர்

பிறந்த பிறகு குடியேறும் மற்றொரு காவலரையும் குறிப்பிடாமல் விடலாகாது. அவை டி செல்கள் என்னும் வெள்ளையணுக்கள். ஒரு நோய்க்கிருமியை வென்ற பிறகு, அதை நினைவில் வைத்திருக்கும் டி செல்களில் ஒரு பகுதி இரத்தத்துக்குத் திரும்பாமல் போர் நடந்த இடத்திலேயே தங்கிவிடுகிறது. 2009ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய அறிஞர்கள் அக்கிக் கொப்புளக் கிருமி தாக்கி ஆறிய சுண்டெலித் தோலில் இதனைத் தெளிவாகக் காட்டினர். அதே கிருமி அதே இடத்துக்கு மீண்டும் வந்தால், இரத்தத்திலிருந்து உதவி வரும்வரை காத்திராமல் இவை உடனே எதிர்க்கின்றன.

பாட்டியம்மாவின் பச்சை

இனி எங்கள் கடனுக்கு வருவோம்.

பச்சை குத்தும்போது ஊசி மேல்தோலைக் கடந்து உள்தோலில் மையை இறக்குகிறது. உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதுகிறது. உள்தோலிலுள்ள பெருவிழுங்கிகள் அதை விழுங்குகின்றன. கிருமியைச் செரித்துவிடுவது போல மைத்துகளைச் செரிக்க அவற்றால் இயலாது. எனவே அதை உள்ளேயே வைத்துக்கொண்டிருக்கின்றன. இதுவரை நாங்கள் சொன்னது சரியே.

ஆனால் உள்தோலின் பெருவிழுங்கிகள் சாகாதவை அல்ல. 2018ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் மார்செய் நகர ஆய்வாளர்கள், பச்சை குத்தப்பட்ட சுண்டெலி வாலில் மையை விழுங்கியிருந்த செல்களை அழித்துப் பார்த்தனர். செல்கள் இறந்தன, பச்சை அப்படியே இருந்தது. இறந்த செல் விட்டுச் சென்ற மைத்துகளை, புதிதாக வந்து குடியேறிய செல்கள் எடுத்து விழுங்கிக்கொண்டன. பச்சை குத்திய தோலை ஒரு சுண்டெலியிலிருந்து எடுத்து மற்றொன்றில் ஒட்டினர். ஆறு வாரங்களில், மையைத் தாங்கியிருந்தவற்றில் பெரும்பாலானவை இரண்டாம் சுண்டெலியின் செல்களாகவே இருந்தன. படத்தில் மாற்றமில்லை, அதைச் சுமந்தவை மாறிவிட்டன.

ஆகவே அறுபது ஆண்டுகளாக அந்தக் கையில் இருப்பவை அதே செல்கள் அல்ல. தலைமுறை தலைமுறையாகச் செல்கள் வந்து, முந்தியது இறக்கிவைத்த சுமையைப் பிந்தியது ஏற்றுக்கொண்டே வந்திருக்கின்றன.

நமது கடமை

இக்காவலர்களை நாம் கண்ணால் காண்பதில்லை. அவர்களுக்குச் செய்யும் தீங்கும் கண்ணுக்குத் தெரிவதில்லை. புகை பிடிப்போரின் நுரையீரலிலுள்ள பெருவிழுங்கிகளை நுண்ணோக்கியில் பார்த்தால், அவற்றின் உள்ளே பழுப்புநிறத் துகள்கள் அடைந்து கிடக்கும். காற்றோட்டமில்லாத அடுக்களையில் விறகுப் புகையைச் சுவாசிக்கும் பெண்களின் செல்களில் கரித்துகள்கள் தங்கியிருக்கும். சுமை மிகுந்த காவலர் கிருமியைப் பிடிப்பதில் பின்தங்கிவிடுவர். மை போலவே கரியும் செரிக்க இயலாத பொருள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

எனவே எங்கள் தந்தையரையும் அண்ணன்மாரையும் பணிவோடு வேண்டுகிறோம்: பீடியையும் சிகரெட்டையும் விட்டுவிடுங்கள், விடும்வரை வீட்டுக்குள்ளும் குழந்தைகள் அருகிலும் அதைப் பற்ற வைக்காதீர்கள். விறகடுப்பு இன்னும் எரியும் வீடுகளில், புகைபோக்கி வைப்பதும் சன்னலைத் திறந்து வைப்பதும் அம்மாவின் வசதிக்காக மட்டுமல்ல, அம்மாவின் நுரையீரலுக்காகவும் என்று அறிந்துகொள்ளுங்கள். மது மிகுந்தால் கல்லீரலில் வீக்கம் உண்டாகி, அங்குள்ள காவலர்களே அவ்வீக்கத்தை வளர்க்கும் நிலைக்கு ஆளாகின்றனர் என்பதையும் மறவாதீர்கள்.

முடிவுரை

தாயின் கருவறையில், இதயம் துடிக்கத் தொடங்கும் நாள்களிலேயே, நம்மைக் காக்கும் செல்கள் தோன்றத் தொடங்குகின்றன. நாம் கேட்டுப் பெற்றவை அல்ல அவை. இறைவனின் கொடை என்பதைத் தவிர அதற்கு வேறு சொல் எங்களுக்குத் தெரியவில்லை. அக்கொடையைப் பழுதுபடாமல் காப்பது நம் பொறுப்பு.

இன்னொன்றையும் நாங்கள் கற்றுக்கொண்டோம். நாற்பது ஆண்டுகள் உலகம் படித்த பாடத்தையே, பொருந்தாத ஓர் உண்மையைக் கண்டு பொறுமையோடு ஆராய்ந்தவர்கள் திருத்தி எழுதினார்கள். அவ்வாறிருக்க, தெரியாததைத் "தெரியாது, படித்துவிட்டுச் சொல்கிறோம்" என்று கூற நாங்கள் ஏன் வெட்கப்பட வேண்டும்?

ஒரு ஞாயிறன்று திருப்பலி முடிந்து வெளியே வரும்போது, பேத்தியின் உதவியால் பாட்டியம்மாவைக் கண்டு, நாங்கள் சொன்னது தவறு என்று கூறி மன்னிப்புக் கேட்டோம். சரியான விடையையும் விளக்கினோம். அவர் பொறுமையாகக் கேட்டார். பின்பு கையிலிருந்த செபமாலையைக் காட்டி, "இது எங்க அம்மாவோடது. அவங்களுக்கு அவங்க அம்மா கொடுத்தது. இனி இவளுக்குப் போகும். என் கைக்குள்ளயும் அப்படித்தான் நடக்குதுன்னு சொல்றீங்க, அவ்வளவுதானே?" என்றார்.

அவ்வளவுதான் பாட்டி என்றோம்.